மெக்கானிக்குக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

என் கொழுந்தனாருக்கு முன்பல் போனது ஒரு மெக்கானிக்கால். அந்த மெக்கானிக் செஞ்சிக்காரர் இல்லை. இந்த உலகத்திலேயே இல்லாதவர். நட்சத்திரங்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பலில், எந்நேரமும் கையில் ஸ்பேனரோடு அலையும் கிழவர். வெளிநாட்டுத் தொடர்தான். தமிழில் பேசவைத்து போனில் வருகிறது.

நானும் பார்த்தேன். என் மகள் யூகேஜி படிக்கிறாள், சோறு ஊட்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். அந்தக் கிழவர் வந்தால் மட்டும் வாயைத் திறப்பாள். ‘ஸ்பேனர் தாத்தா’ என்று அவள்தான் பெயர் வைத்தாள். குழந்தைக்கு இதையெல்லாம் காட்டலாமா என்று ஒவ்வொரு கவளத்துக்கும் யோசிப்பேன். அடுத்த கவளத்துக்குக் காட்டிவிடுவேன்.

கொழுந்தனார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போஸ்டர் கடையில் டிசைன் போடுகிறவர். அந்தத் தொடர் என்றால் அவருக்குப் பைத்தியம். அவரோடு பள்ளியில் படித்த ஸ்டுடியோக்காரருக்கும் அதே பைத்தியம். கல்யாண வீடியோ எடுக்கிறவர். இரண்டு பேரும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கோட்டைப் பாறைகளுக்கு நடுவே போய், பைக் ஹெல்மெட்டில் வெள்ளித்தாள் ஒட்டி, வேற்றுக்கிரகத்தில் நடப்பதுபோல வீடியோ எடுத்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் யாரோ, “மெட்ரோ வேலையா தம்பி?” என்று கேட்டதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படி இருந்தவர்கள்.

புது சீசனின் முதல் பகுதி வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடியில் வேட்டியைக் கட்டித் திரையாக்கினார்கள். ஸ்டுடியோக்காரர் புரொஜெக்டர் கொண்டு வந்தார். நான் டீ எடுத்துக்கொண்டு, மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே போனபோது, கப்பலில் காற்று தீர்ந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் போதாது. யாராவது ஒருவர் குறைய வேண்டும். கப்பலை ஓட்டும் இளம்பெண் மெக்கானிக்கைக் கதவு வரைக்கும் பேசிக்கொண்டே கூட்டிப் போய் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள்.

ஸ்டுடியோக்காரர் விசிலடித்தார்.

“ஒழிஞ்சான்டா கெழவன்!”

“வாய மூடு” என்றார் கொழுந்தனார்.

“இன்னா வாய மூடு? மூணு சீசனா ஸ்பேனர ஆட்டிக்கினே இருந்தான். காத்து இல்லன்னா வயசானவன்தான் போவணும். அந்தப் பொண்ணு செஞ்சது கரெக்டு.”

கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. “அண்ணி, நீங்க சயின்ஸ் டீச்சரு. நீங்க சொல்லுங்க. வெளிய தள்ளனா உடனே உயிர் போயிடுமா?”

மகள் பிறக்கும்வரை பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். கேள்வி என்றால் சரியான பதில் சொல்லியே பழக்கம். “உடனே போவாது தம்பி. கொஞ்ச நேரம் நினைவு இருக்கும்.”

“அப்ப இன்னும் நல்லது” என்றார் ஸ்டுடியோக்காரர். “அனுபவிச்சு சாவட்டும்.”

கொழுந்தனார் அவரைக் கன்னத்தோடு அறைந்தார். விளையாட்டு அறை இல்லை. ஸ்டுடியோக்காரர் கையில் டீ டம்ளர் இருந்தது. அந்த டம்ளரோடு திருப்பிக் குத்தினார். பல் உடையும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. சூடான டீயும் ரத்தமுமாக வாயிலிருந்து வழிய, கொழுந்தனார் அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய்க் கைப்பிடிச் சுவரில் தலையை மோதினார். ஒரு தடவை இல்லை. மற்றவர்கள் விலக்குகிறேன் என்று போய் ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு அடித்துக்கொண்டார்கள். யாரோ உதைத்ததில் புரொஜெக்டர் கவிழ்ந்தது. வேட்டியில் சிவப்பாகத் தெறித்திருந்த இடத்தின் மேல் கப்பல் ஒருக்களித்துக்கொண்டு போனது.

என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டு உடனே கீழே இறங்கியிருப்பேன். அவள் சோறு வாங்கிக்கொள்ளும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தலைவாரும்போது கேட்டாள். “சித்தப்பாவ எந்தக் கதவு வழியா தள்ளுவாங்க?”

“யாரும் தள்ள மாட்டாங்க பாப்பா. அது கத.”

“கதயில பல்லு விழல. நம்ம வூட்லதான் விழுந்துது.”

‘ஆமாம் தம்பி, உடனே போய்விடும், ஒன்றுமே தெரியாது’ என்று நான் சொல்லியிருந்தால் அந்த அறை விழுந்திருக்குமா என்று சீப்பைப் பிடித்துக்கொண்டே யோசித்தேன். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அறிவியலில் எப்படிப் பொய் சொல்வது?

கொழுந்தனாரின் போன் நாள் முழுக்கக் கத்தியது. திண்டிவனம், விழுப்புரம் என்று எல்லா ஊர் ரசிகர்களும் ஒரே குழுவில் இருந்தார்கள். கிழவர் கட்சி, பைலட் கட்சி என்று இரண்டாக உடைந்துவிட்டார்கள். முகம் தெரியாதவர்கள் வாய்ஸ் மெசேஜில் கையை வெட்டுவேன், காலை வெட்டுவேன் என்றார்கள். ஒருவர் அந்தத் தொடரை எழுதினவரின் வீட்டுக்கே போய்க் கொளுத்த வேண்டும் என்றார். எந்த நாடு என்று அவருக்குத் தெரியவில்லை. அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். கொழுந்தனாரின் மனைவிக்கு ஏழாவது மாதம். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “சவுண்ட கொற மாமா, உள்ள ஒதைக்குது” என்றாள்.

அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கடைக்குப் போனார். துக்கத்துக்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்.

ஒரு நாளைக்கு எத்தனையோ சாவுக்கு அடிக்கிறவர். கை தானாகவே போட்டுவிட்டது. நடுவில் கிழவரின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தோற்றம்: முதல் சீசன். மறைவு: நான்காம் சீசன், முதல் பகுதி. கீழே, ‘ஆறாத்துயரில் செஞ்சி ரசிகர்கள்’. பஸ் ஸ்டாண்டு சுவரில் நிஜமான சாவு போஸ்டர்களுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். மேல்சித்தாமூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா படத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “எந்த ஊரு பெரியவரு? எப்ப எடுக்கறாங்க?” என்று பூக்கடையில் கேட்டதாம். பூக்கடைக்காரி, “ஏற்கனவே வெளிய தள்ளிட்டாங்களாம் ஆயா” என்றாளாம்.

ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சண்டைக்குப் பிறகும் ஸ்டுடியோக்காரரின் மனைவியும் நானும் பள்ளி வாசலில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. காலையில் அவரவர் பிள்ளையை விடுவோம். மதியம் ஒரு நாள் நான், ஒரு நாள் அவள் என்று இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிவருவது பழக்கம். “ஆம்பளைங்க சண்ட அவங்களோட இருக்கட்டும்க்கா. நம்ம ஏன் ரெண்டு ட்ரிப் அடிக்கணும்?” என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மகளை ஸ்கூட்டியில் கூட்டிப்போகும்போது இரண்டாவது போஸ்டரைப் பார்த்தேன். கிழவரின் போஸ்டரை ஒட்டினாற்போல, அதே அளவு, அதே குத்துவிளக்கு. நடுவில் என் கொழுந்தனார். பாறையில் எடுத்த படம். வெள்ளித்தாள் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. அந்தப் படம் ஸ்டுடியோக்காரரிடம் மட்டும்தான் இருந்தது.

“சித்தப்பா ஃபோட்டோ!” என்று மகள் கைதட்டினாள்.

வண்டியை நிறுத்திக் கிட்டப் போய்ப் படித்தேன். அடியில் சின்ன எழுத்தில் ‘மறைவு: மூளை மட்டும். உடல் வழக்கம்போல் கடைக்கு வரும்’ என்று இருந்தது. கேலிதான். ஆனால் உயிரோடு இருக்கிறவனுக்குப் போஸ்டர் ஒட்டுவது எங்கள் பக்கம் கேலி இல்லை. அதுவும் பெண்டாட்டி ஏழு மாதமாக இருக்கும்போது. கிழிக்கலாம் என்று ஓரத்தைச் சுரண்டினேன். பசை காய்ந்திருந்தது. நகம்தான் போனது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கிழித்தால் பார்க்காதவர்களும் பார்ப்பார்களோ என்று தோன்றியது. வீட்டில் சொல்லலாமா? என் கணவர் கோபம் வந்தால் கத்த மாட்டார். பேச்சு நின்றுவிடும். எனக்கு அதுதான் பயம். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அவர் நெல் மண்டியிலிருந்து சாயங்காலம் வந்ததும் பதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீடு திரும்பினேன்.

சாயங்காலம் வரைக்கும் போகவில்லை. யாரோ போஸ்டரின் மேல்பாதியை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மூளை மட்டும் என்ற வரி அதில் இல்லை. மதியம் எங்கள் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. தளவானூரிலிருந்து என் மாமியாரின் தம்பி மாலையோடு இறங்கினார். பின்னாலேயே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

“ராசா! புள்ள மொகத்த பாக்காம பூட்டியே ராசா!”

ராசா பல் வலியால் அன்று கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து, உடைந்த பல்லில் படாமல் ரசச்சோறு தின்றுகொண்டிருந்தார். எச்சில் கையோடு எழுந்து வந்து நின்றார். மாமியார் அவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, மயக்கம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொழுந்தனாரின் மனைவி போனில் அந்தப் படத்தைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். பெண்கள் கொழுந்தனாரை வாசலில் நிறுத்தித் தோஷம் கழியத் தலையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

தளவானூர் மாமா கையிலிருந்த மாலையைப் பார்த்தார். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பிய்த்துத் தெருவில் எறிந்தார்.

“எவன்டா ஒட்டனது? மாசமா இருக்கறவ தாலி மேல எவன்டா கைய வெச்சான்?”

“ஸ்டுடியோக்காரன்” என்றார் கொழுந்தனார்.

அந்த நேரத்தில்தான் என் கணவர் மண்டியிலிருந்து வந்தார். அங்கேயும் யாரோ படத்தைக் காட்டியிருக்கிறார்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போய்க் கடப்பாறையை எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஏங்க, வேணாங்க. கீழ என்ன எழுதியிருக்குதுன்னு பாருங்க” என்று குறுக்கே போனேன். கையால் என்னை ஒதுக்கிவிட்டுப் போனார். பைக்குகள் கிளம்பின. மாமா வாசல் ஓரத்து ஜல்லிக் கற்களை மடியில் அள்ளிக்கொண்டு ஏறினார்.

மாமியாருக்குத் தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பள்ளி விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. இன்று ஸ்டுடியோக்காரரின் மனைவி முறை. என் மகள் ஸ்டுடியோவில் இருக்கிறாள்.

செம்பு கையிலிருந்து விழுந்தது தெரியும். ஸ்கூட்டியை எப்படிக் கிளப்பினேன் என்று தெரியாது.

கடைத்தெருவில் நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டுடியோ வாசலை ஒட்டிய சுவரில் இருந்த முகப்புக் கண்ணாடி உடைந்துபோயிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருந்த கல்யாண ஜோடிகள் தெருவில் முகம் கிழிந்து கிடந்தார்கள். வாசலுக்கு ஸ்டுடியோக்காரர் உள்ளேயிருந்து ஷட்டரை இழுத்துவிட்டிருந்தார். மாமா கல் எறிந்துகொண்டிருந்தார். கொழுந்தனார் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஷட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் கடப்பாறையை ஓங்கி ஓங்கிப் பூட்டு இருக்கும் இடத்தில் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் தகரம் அலறியது. எதிர்ச்சாரியில் ஸ்டுடியோக்காரரின் மனைவி ரேஷன் பையைக் கீழே போட்டுவிட்டு, “கொழந்தைங்க உள்ள இருக்குது! கொழந்தைங்க!” என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசைவதுதான் எனக்கே தெரிந்தது. பள்ளியிலிருந்து கூட்டிவந்து கணவரிடம் விட்டுவிட்டு ரேஷனுக்குப் போயிருக்கிறாள்.

“ஏங்க! உள்ள பாப்பா!” என்று நானும் கத்தினேன். கேட்கவில்லை. தோளைப் பிடித்து இழுத்தேன். உதறினார். அந்த முகத்தில் நான் இல்லை, யாருமே இல்லை. வேறு வழி தோன்றவில்லை. அவர் குத்தும் இடத்தில் என் இடது கையை விரித்து வைத்தேன்.

ஓங்கிய கடப்பாறையை அவரால் முழுதாக நிறுத்த முடியவில்லை. கொஞ்சம் விலக்கத்தான் முடிந்தது. மோதிர விரல் தகரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் போனது. முதலில் சூடாக இருந்தது. பிறகுதான் வலி வந்தது. ஷட்டரில் என் கை அளவுக்கு ரத்தம்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உள்ள பாப்பா இருக்குது” என்றேன்.

“எந்தப் பாப்பா?”

“நம்ம பாப்பாதாங்க.”

சத்தம் நின்றதும் உள்ளே இருந்து ஸ்டுடியோக்காரரின் குரல் கேட்டது. தொண்டை கட்டியிருந்தது. அவ்வளவு நேரமும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “ரெண்டு கொழந்தைங்களும் உள்ள இருக்குதுடா! மொதல்ல எல்லாரும் அந்தப் பக்கம் போங்க. அண்ணி, நீங்க சொன்னாத்தான் தெறப்பேன்.”

மாமா மடியிலிருந்த கல்லைக் கொட்டினார். கொழுந்தனார் எதிர்ச்சாரிக்குப் போய் நின்றார். கடப்பாறையை என் கணவர் சாக்கடைக்கு அந்தப் பக்கம் வீசினார். நான், “தெறங்க” என்றேன்.

நெளிந்துபோன ஷட்டர் முழங்கால் அளவுக்குத்தான் எழும்பியது. அடியெல்லாம் கண்ணாடித் துண்டு. என் கணவர் மண்டியிட்டு வெறும் கையால் அவற்றை வாரி ஒதுக்கினார். “வெளக்கமாறு எடுத்தாறேன்ணா” என்று யாரோ சொன்னது அவர் காதில் விழவில்லை. உள்ளங்கை இரண்டும் கிழிந்து ஒழுக, ஒதுக்கிக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் குழந்தைகள் தவழ்ந்து வெளியே வந்தார்கள்.

என் மகளின் கழுத்தில் பெரிய ஹெட்போன் தொங்கியது. சத்தம் கேட்கக் கூடாது என்று மாட்டிவிட்டு, அன்றைக்கு வந்த இரண்டாவது பகுதியைப் போட்டுக் காட்டியிருக்கிறார். இந்த அமளியில் ஊரில் வேறு யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. அவள் என்னிடம் வரவில்லை. அவள் அப்பாவிடமும் போகவில்லை. தெருவைத் தாண்டி நின்ற சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

“சித்தப்பா, ஸ்பேனர் தாத்தா சாவல. வெளிய கயிறு கட்டிக்கினு தொங்கினு இருந்தாரு.”

கொழுந்தனார் மெல்ல ஷட்டரைப் பார்த்துக் கேட்டார். “டேய், நெஜமாவா?”

“நீயே பாத்துக்க” என்றது உள்ளேயிருந்து குரல். “முன்னாடியே சொன்னா அதுக்கும் அடிப்ப.”

பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஸ்டேஷனுக்குப் போகவில்லை. ஸ்டுடியோக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து, கொழுந்தனாரின் மனைவி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள், “ஒக்காருண்ணா” என்று மட்டும் சொன்னாள். என் கணவர் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். கொழுந்தனார் இப்போது கிழவர் கட்சியும் இல்லை, பைலட் கட்சியும் இல்லை. “செத்தவன திருப்பிக் கொண்டாந்தது சுத்த ஏமாத்து வேலண்ணி. நம்ம அழுதது எல்லாம் வேஸ்டு” என்கிறார். ஸ்டுடியோக்காரரும் அதையேதான் சொல்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து தொடர்காரர்களைத் திட்டுகிறார்கள். கொழுந்தனாருக்குப் பல் கட்டியாகிவிட்டது. பெண் குழந்தை பிறந்து நன்றாக இருக்கிறது.

என் மோதிர விரல் இன்னும் மடங்காது. அது போகட்டும்.

எங்கள் வீட்டு முன்வாசலில் கம்பிக் கதவு. சாயங்காலம் என் கணவரின் பைக் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் மகள் ஓடிப்போய்த் திறப்பாள். இப்போதும் ஓடுகிறாள். ஸ்டூல்மேல் ஏறித் தாழ்ப்பாளைப் போடுகிறாள்.

“நைனா, கையக் காட்டு.” எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முதல் நாள், விளையாட்டென்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நான் போய்த் திறக்கலாமா என்று அடியெடுத்து வைத்தேன். திறந்தால் அவள் என்ன நினைப்பாள், திறக்காவிட்டால் அவர் என்ன நினைப்பார் என்று நடுக்கூடத்தில் நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். கம்பி வழியாக இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். கண்ணாடி கிழித்த வடுக்கள் அப்போது இன்னும் சிவப்பாக இருந்தன. அவள் ஒவ்வொரு கையாகப் பார்த்தாள்.

தினமும் இதுதான் நடக்கிறது. நேற்று மண்டியிலிருந்து சாம்பிள் நெல் ஒரு சின்னப் பையில் கொண்டு வந்திருந்தார்.

“இன்னா அது?”

“நெல்லு பாப்பா.”

“கீழ வை.”

பையைப் படியில் வைத்துவிட்டுக் கையைக் காட்டினார். அவள் தாழ்ப்பாளைத் திறந்தாள்.